கண்டனூர் உயரம், மானகிரி குறி

மரியே வாழ்க

பாளையங்கோட்டை
8.12.2024

அன்புள்ள மேரிக்கு,

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். பயப்படாதே, இதில் வீட்டு விஷயம் எதுவும் இல்லை. திரும்பி வா என்ற பேச்சும் இல்லை. விஷயம் பாஸ்கெட்பால்.

பெண்கள் கல்லூரிப் போட்டிக்கு அட்டவணை வந்துவிட்டது. நம் வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் நேற்று நீ போட்டதைப் பார்த்தேன். குழுவில் என்னைத் தடுக்க முடியாதே. “கோப்பை இந்த வருஷம் மானகிரிக்கு. அழகி ஒருத்தி போதும்.” அங்கேயே பதில் போட்டிருப்பேன். இரண்டு வருஷமாகத் தனித்தனியாக இருந்தும் புருஷன் பெண்டாட்டி சண்டை ஓயவில்லை என்று நாலு பேர் சிரிப்பார்கள், அதனால் விட்டேன்.

நீ படித்து விளையாடிய காலேஜ் என்பதால் மானகிரி சிசிலியா காலேஜ் மேல் உனக்குப் பாசம். எனக்குப் பிறந்த ஊர்ப் பாசம். அதை இருவரும் ஒதுக்கி வைப்போம். மானகிரிப் பிள்ளைகள் ஐந்து பேரையும், உன் அழகியையும் சேர்த்து, வரிசையாக நிறுத்து. எங்கள் கண்டனூர் முத்தழகின் தோளுக்கு வருகிறவள் ஒருத்தி உண்டா? ஷூட்டிங் மழை மாதிரி. ஒருநாள் கொட்டும், மறுநாள் ஏமாற்றும். உயரம் அப்படி இல்லை. முத்தழகு தினமும் காலையில் உயரமாகத்தான் எழுந்திருக்கிறாள். ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தெல்லாம் அவளுக்குத்தான். நீங்கள் ஒரு தடவை எறிந்தால் நாங்கள் இரண்டு தடவை எறிவோம். இது கணக்கு. கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் இருந்தால் எழுது.

உன் எதிரணி ரசிகன்,
லூர்து பிரகாஷ்


மானகிரி
16.12.2024

உங்களுக்கு,

நலமாக இருக்கிறேன். வீட்டு விஷயம் இல்லை என்று மேலேயே எழுதியிருந்ததால் கடிதத்தைக் கடைசிவரை வாசித்தேன்.

உயரம் தானா வளருது. ஷூட்டிங்கை வளர்க்கணும். அதுதான் ரெண்டுக்கும் வித்தியாசம்.

அழகியை நீங்க போன வருஷம் பார்த்ததோட சரி. என் காது உயரம்தான் இருக்கும் அந்தப் பிள்ளை. அப்பா கொத்தனார். போன வாரம் திண்டுக்கல்காரப் பிள்ளைகளோட இங்க ஆட்டம். எல்லாரும் பந்தை எறிஞ்சிட்டு வாயைத் திறந்து ரிங்கைப் பார்த்துக்கிட்டு நிப்பாக, நானும் அந்தக் காலத்துல அப்படித்தான். இவ பந்து கையை விட்டதும் திரும்பி, தன் பக்கத்தைக் காக்க ஓடுறா. பந்து இன்னும் மேலயே இருக்கு. பக்கத்துல இருந்த டீச்சர், “என்ன இது, பாக்காமலே போறா”ன்னாங்க. வலையில சத்தம் கேட்டுச்சு. நாப்பத்தெட்டு வயசுல ஒரு பந்து விழுறதைப் பார்த்து எனக்குக் கண் கலங்குச்சுன்னா நீங்க சிரிப்பீக. சிரிச்சுக்கோங்க.

நீங்க இதையெல்லாம் பாக்க மாட்டீக. உங்களுக்கு எப்பவும் முடிவு முதல்ல, ஆட்டம் பிறகு. பாளையங்கோட்டைக்கு மாற்றல் வேணும்னு ஆபீஸ்ல கையெழுத்தும் போட்டுட்டு வந்து, எந்தத் தேதியில லாரி வருதுன்னு எனக்குச் சொன்னீகளே, அது மாதிரி.

வீட்டு விஷயம் நானே எழுதிவிட்டேன். போகட்டும்.

சூசைமேரி


பாளையங்கோட்டை
29.12.2024

அன்புள்ள மேரிக்கு,

கிறிஸ்து பிறப்பு நல்வாழ்த்து. பூசைக்குத் தனியாகப் போனேன். குடில் நன்றாக இருந்தது.

லாரி பேச்சு அப்படியே இருக்கட்டும். பாஸ்கெட்பாலுக்கு வருகிறேன்.

கண்டனூர் ஆட்டம் பார்க்க மதுரை வரை போனேன். கேள். எதிரணியில் நல்ல ஷூட்டர்கள் மூன்று பேர். முதல் பாதியில் எறிந்ததெல்லாம் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் “உங்க ஊரு காலி” என்றார். நான் பேசாமல் இருந்தேன். (நம்ப மாட்டாய், நிஜமாகவே பேசாமல் இருந்தேன்.) இரண்டாம் பாதியில் அவர்களுக்குக் கை ஓய்ந்தது. பத்துப் பேர் குதிப்பார்கள். அத்தனை கைக்கும் மேலே, மாடியிலிருந்து யாரோ எட்டி எடுக்கிற மாதிரி முத்தழகின் ஒரு கை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற பெரிய வீட்டின் பின்னால் இருக்கிறது கண்டனூர் காலேஜ் கோர்ட். ஒரு பக்க ரிங்கு சாய்ந்தே கிடக்கும். அங்கே பழகிய பிள்ளை இப்படி வந்து நிற்கிறாள். எழுந்து நின்று கைதட்டினேன்.

வலது கண்ணில் கொஞ்சம் கொசு பறக்கிற மாதிரி இருந்தது. மதுரைப் புழுதியாக இருக்கும். அதனால் கடைசி நிமிஷம் சரியாகப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. அழகி திரும்பி ஓடுவதைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். சிரிக்கவில்லை.

லூர்து பிரகாஷ்


மானகிரி
10.1.2025

உங்களுக்கு,

கொசு பறக்குதுன்னா டாக்டரைப் பாருங்க. புழுதியாக இருந்தால் அன்றைக்கே போயிருக்கும். உங்களுக்கு இடது கண்ணுல சின்ன வயசுல இருந்தே பார்வை கம்மி. இருக்கிற நல்ல கண்ணு வலது ஒண்ணுதான், விளையாட்டா இருக்காதீக.

நாங்கள் பைனலுக்கு வந்துவிட்டோம். நீங்களும் வந்துட்டீக. பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடியில். ரசிகர் குழுவில் ஒரே சத்தம். உங்க சிநேகிதர் சேவுகன் அண்ணன் இப்பவே தட்டுறதுக்குத் தகரம் தேடுறாராம். “லூர்து வாராரா”ன்னு என்கிட்டக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்னேன். அப்புறம் ஏன் அப்படிச் சொன்னோம்னு இருந்துச்சு.

வாரீகளா? வந்தால் கண்டனூர் பக்கம் உட்காருங்க. நான் எதிர்ப்பக்கம் இருப்பேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவும்.

சூசைமேரி


திருநெல்வேலி, கண் ஆஸ்பத்திரி
4.2.2025

அன்புள்ள மேரிக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. என் ஆபீஸ் சத்தியமூர்த்தி எழுதுகிறார், நான் சொல்கிறேன்.

நீ சொன்னபடி உடனே போயிருக்கலாம். போகவில்லை. போன வாரம் காலையில் முகம் கழுவும்போது வலது கண்ணில் கறுப்பாக ஒரு திரை கீழிருந்து ஏறியது. விழித்திரை விலகிவிட்டதாம். ஆபரேஷன் ஆகிவிட்டது. உள்ளே வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம், அதனால் குப்புறவே படுத்திருக்கிறேன். சாப்பிடுவது, ஜெபம் சொல்வது எல்லாம் தரையைப் பார்த்துத்தான். பார்வை எவ்வளவு திரும்பும் என்று பதினான்காம் தேதி பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

(அண்ணி, நான் சத்தியமூர்த்தி. உங்களுக்கு போன் பண்றேன்னு சொன்னேன். அவள் விருப்பம் இல்லாமல் பண்ணக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாங்க. ராத்திரி சரியாத் தூங்குறதில்ல. இதை நான் எழுதுறது அவருக்குத் தெரியாது.)

பைனலுக்கு வர முடியாது. யாராவது ஆட்டத்தைப் போனில் பிடித்துக் குழுவில் போடுவார்கள், சத்தம் கேட்கலாம். எனக்கு அது வேண்டாம். நீ பார்த்து எழுது. யார் ஜெயித்தாலும் உள்ளபடி எழுது. முடிவு மட்டும் போதாது. ஆட்டம் வேண்டும்.

இங்கே பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் என்ன சத்தம் கேட்டாலும், “இது என்ன, இது என்ன” என்று தன் மனைவியிடம் கேட்கிறார். அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் உன்னிடம் எதையாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இப்போது கேட்கிறேன். எழுதுவாயா?

லூர்து பிரகாஷ்


மானகிரி
10.2.2025, திங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு எழுதுறேன். கூரியர்ல அனுப்புறேன், நாளைக்கு வந்துரும். சத்தியமூர்த்தித் தம்பி, நிதானமா வாசிங்க. நடுவுல அவுக வாதாடுனா நிறுத்தாதீங்க.

முடிவைக் கடைசியிலதான் சொல்வேன். குப்புறப் படுத்திருக்கிற ஆள் எங்க போயிறப் போறீக.

கண்டனூர்ல இருந்து ரெண்டு பஸ்ஸு ஆளு. சேவுகன் அண்ணன் தகரத்தோட முன் வரிசையில. நீங்க இல்லாததால நான் கண்டனூர்ப் பக்கமே போயி அவர் பக்கத்துல உக்காந்தேன். ஆட்டத்தை உங்க பக்கத்துல இருந்து பார்த்து எழுதணும்னு தோணுச்சு.

முத்தழகைப் பத்தி நீங்க எழுதினதுல பாதிதான் நிஜமா இருக்கும்னு நெனச்சிருந்தேன். பாதிதான் எழுதியிருக்கீக. முதல் பாதியில எங்க பிள்ளைகள் ரிங்குக்குப் பக்கத்துலயே போக முடியல. போனா அவ நிக்கிறா. குதிக்கக்கூட இல்ல, கையைத் தூக்குறா, அவ்வளவுதான். மேல போன பந்து எங்களுக்குத் திரும்ப வரவே இல்ல. அழகி எறிஞ்சது ஒண்ணும் விழல. ரிங்குல பட்டுப் பட்டுத் தெறிக்குது. சேவுகன் அண்ணன் தகரம் பிய்யிற மாதிரி தட்டுறார். இடைவேளையில எங்க காலேஜ் பிள்ளைகள் அழுததைப் பார்த்தேன். அழகி அழல. தண்ணி குடிச்சிட்டு தரையில இருக்கிற கோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தா.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

மூணு பாயிண்ட் கோட்டுக்குப் பின்னால நின்னு எறியிறது வழக்கம். அழகி அதுக்கும் பின்னால போனா. இன்னும் பின்னால. பாதிக் கோர்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால நின்னா. முத்தழகு அம்புட்டுத் தூரம் வெளிய வந்தா ரிங்குக்குக் கீழ ஆள் இல்ல. வரலைன்னா இவ எறிவா. முத்தழகு வரல. அங்குட்டு இருந்து எவ எறிவான்னு நெனச்சிருப்பா. எறிஞ்சா. விழுந்துச்சு. ரிங்குல படவே இல்ல, வலை மட்டும் அசைஞ்சது. மறுபடி எறிஞ்சா. மறுபடி. நான் எண்ணல. எண்ணுறதே தொழிலா இருக்கிற எனக்கு அன்னைக்கு எண்ணத் தோணல.

கொஞ்ச நேரத்துல கூட்டத்துல சத்தமே இல்ல. அவ கைக்குப் பந்து வந்தா அத்தனை பேரும் கோயில் பூசையில அப்பத்தைத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்றத்துக்கு மண்டி போட்ட மாதிரி அமைதி. சேவுகன் அண்ணன் தகரத்தைக் கீழ வச்சிட்டார். “ஏண்ணே, தட்டலையா”ன்னு கேட்டேன். “வலையில பந்து விழுகுற சத்தம் கேக்கணும்த்தா”ன்னார். கண்டனூர்க்காரர், கண்டனூர்ப் பக்கம் உக்காந்துக்கிட்டு.

கடைசிக்கு வாரேன். நீங்க ரெண்டு பாயிண்ட் முன்னால. நேரம் முடியப் போகுது. இந்தத் தடவை முத்தழகு ரிங்கை விட்டுட்டு வெளிய வந்துட்டா. அழகிக்கு முன்னால வந்து நின்னு கையை விரிச்சா. அந்த உள்ளங்கை அழகி முகத்தையே மூடிருச்சு. அதுக்குள்ள இருந்து பந்து மேல போச்சு. ரொம்ப மேல. விளக்குக் கம்பத்துக்கு மேல போயி இருட்டுக்குள்ள மறைஞ்ச மாதிரி இருந்துச்சு. பிறகு இறங்குச்சு. வலை.

நாங்க ஒரு பாயிண்ட் முன்னால.

ஆனா மூணு செகண்டு மிச்சம் இருந்துச்சு. முத்தழகு அழகியைத் திரும்பிக்கூடப் பாக்காம ஓடுனா. கோர்ட்டு அந்தக் கடைசியில இருந்து நீளமா ஒரு பந்து வந்துச்சு. எங்க பிள்ளைகள் மூணு பேர் சேர்ந்து குதிச்சாக. மூணு பேருக்கும் மேல முத்தழகு போயி அதை வாங்கி, வாங்குன கையாலேயே உள்ள வச்சா. விசில் அடிச்சாச்சு.

ஜெயிச்சது கண்டனூர். உள்ளபடி எழுதச் சொன்னீக, எழுதிட்டேன். எனக்கு வருத்தமா இல்ல. இந்த மாதிரி ரெண்டு பிள்ளைகளை ஒரே சாயங்காலத்துல பார்த்துட்டு யாருக்கு வருத்தம் வரும்? நாம ரெண்டு பேரும் இத்தனை வருஷமா எது பெருசுன்னு பேசினதெல்லாம் கோர்ட்டுக்கு வெளிய நின்னு பேசின பேச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். கோப்பையைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் ஓடுறாக. முத்தழகு அங்க போகல. நேரா அழகிகிட்ட வந்தா. நான் அதுக்குள்ள கோர்ட்டு ஓரத்துக்கு வந்துட்டேன், காதுல கேட்டுச்சு.

“ஏத்தா, என் கை உன் கண்ணை முழுசா மறைச்சிருச்சே. உனக்கு ரிங்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“தெரியலக்கா. அது அங்கனதான இருக்கும்.”

பெருமையாச் சொல்லல. கடை எங்க இருக்குன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா. முத்தழகு அண்ணாந்து ரிங்கைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னா. உடனே உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு. வேற யார்கிட்டயும் சொல்லத் தோணல.

தம்பி, இதுக்கு மேல இன்னும் மெதுவா வாசிங்க.

மாற்றலைப் பத்தி எனக்கு இன்னும் கோவம் இருக்கு. அது போயிருச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். நான் என் வேலையை விட்டுட்டு வரப்போறதும் இல்ல. ஆனா எழுதுவாயான்னு கேட்டீக. அந்த வரியை நானும் ரெண்டு முறை வாசிச்சேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி வாரேன். வெள்ளிக்கிழமை டாக்டர் கண்ணைப் பாக்கும்போது கூட இருப்பேன். தெரியுதோ தெரியலையோ, அதை அங்க வச்சுப் பேசிக்கிருவோம். தனியா ஒண்ணும் முடிவெடுத்து வைக்காதீக.

அழகியோட அந்தக் கடைசி ஷாட்டை நாலு தரம் எழுதி நாலு தரம் அடிச்சிட்டேன். மேல இருக்கிறது அஞ்சாவது. அதுவும் சரியா வரல. எவ்வளவு உயரம் போச்சு, எங்க நின்னு யோசிச்ச மாதிரி இருந்துச்சு, எப்படி இறங்குச்சுன்னு எழுத்துல வர மாட்டேங்குது. நீங்க அப்படியே குப்புறப் படுத்திருங்க. நான் வந்து உங்க கையைப் பிடிச்சு, பந்து போன வழியில கொண்டுபோய்க் காட்டுறேன்.

உங்கள்,
மேரி