பதினாலு புள்ளி ஆறு

மார்ச் 3, செவ்வாய்

இன்று எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு லாரி டிரைவர் எனக்கே காது குத்தப் பார்த்தார். லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். முன்னால் போன ஆள் படிக்கும்போது வாசலில் நின்று மனப்பாடம் செய்திருக்கிறார், பாவி. பலகையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே முழி பிதுங்கிவிட்டது. "அக்கா, அந்தப் பக்கமே இருக்கட்டுமே" என்றார்.

சாயந்திரம் வீட்டில் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்கிட்ட எவனாவது பொய் சொல்லித் தப்பிக்க முடியுமா?" எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சிரித்து முடித்த பிறகும் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு மாடி ஏறி வந்ததற்கு இவ்வளவா? முகமும் வெளுத்துக் கிடக்கிறது. கேட்டால் "வயசாகுதுடி" என்கிறார். தினம் கிரேன் ஏணியில் ஏறி, காக்கா பறக்கிற உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மனுஷனுக்கு இரண்டு மாடி ஒரு மாடியா? தோள்வலி மாத்திரையை வேறு மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்கிறார். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

மார்ச் 11, புதன்

கம்பெனியில் வருஷாந்தர மெடிக்கல் முடிந்ததாம். ரிப்போர்ட்டை மேசைமேல் போட்டார். "ஹீமோகுளோபின் பதினாலு புள்ளி ஆறு. ரத்தம் நல்லாவே இருக்கு, பாத்துக்க. இனிமே நச்சரிக்காத."

சின்னவனும் கூட வந்திருந்தான். என் தம்பியை அதே கட்டுமான இடத்தில் ஸ்டோரில் சேர்த்துவிட்டதே இவர்தான். "மாமா இரும்புக்கா, இரும்பு" என்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ரிப்போர்ட்டைப் பத்திரமாக ஃபைலில் வைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

இன்றும் படியில் நின்று நின்றுதான் வந்தார். ஆனால் பதினாலு புள்ளி ஆறு.

ஏப்ரல் 7, செவ்வாய்

விழுந்துவிட்டார்.

ஏப்ரல் 8, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் கிரேன் ஏணியில் ஏறும்போது நடுவில் ஒரு தட்டில் நின்றாராம். கையைத் தலையில் வைத்தாராம். அப்படியே கீழே இருந்த தட்டில் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு, இடது தொடை, விலா எலும்புகள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டையை வெட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் சர்ஜன். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கிறது, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. அந்த நேரத்திலும் என் கண் அதில்தான் போனது. "ரத்தம் ஆறு புள்ளி எட்டுதான் இருக்கு. முன்னாடியே கம்மியா? இல்ல இப்பத்தான் போச்சா? பழைய டெஸ்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறதே! வீட்டிலிருந்து கிளம்பும்போது ஞாபகமாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். பக்கத்தில் நின்ற சின்னவன், "அக்கா, அதெல்லாம் எதுக்கு, அவங்களே டெஸ்ட் எடுப்பாங்க" என்று என் கையைப் பிடித்தான். பதற்றத்தில் உளறுகிறான் என்று கையை உதறிவிட்டேன். "பாருங்க டாக்டர், போன மாசம் பதினாலு புள்ளி ஆறு. நல்லா இருந்த மனுஷன்."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "அப்ப பாதிக்கு மேல உள்ள கொட்டியிருக்கணும். ஸ்கேன்ல வயித்துக்குள்ள கொஞ்சம் தெரியுது, ரத்தம்னு உறுதியா சொல்ல முடியல. இனி காத்திருக்க முடியாதுமா. திறந்து பார்த்திடறோம்."

திறந்தார்கள். மார்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரைக்கும். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லையாம். இடுப்பெலும்பைச் சுற்றிக் கொஞ்சம் ரத்தக்கட்டு, அவ்வளவுதான். நல்ல செய்தி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டருக்கு மட்டும் சந்தோஷமே இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

ரத்தம் ஏற்றினார்கள், எட்டரைக்கு வந்தது. மறுபடி ஏழுக்கு இறங்கிவிட்டது. மூச்சுக்கு மெஷின். எங்கே போகிறது இத்தனை ரத்தமும்?

கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்க்க விடுகிறார்கள். உதடு காகித நிறத்தில் இருக்கிறது. சின்னவன் உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இரும்பு நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். மாமா மேல் உயிர் இவனுக்கு. தோளில் தட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள். இரண்டு பேரும். அந்நியர்கள் இல்லை, இரண்டு பேரும் என்னுடையவர்கள்.

காலையில் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: ரத்தம் நிற்கவில்லை, நாளைக் காலை வயிற்றை மறுபடி திறக்க வேண்டியிருக்கும், முதல் தடவை எதையோ தவறவிட்டிருக்கிறோம். "இந்த நிலைமையில இன்னொரு ஆபரேஷன் அவருக்குத் தாங்குமான்னு எனக்கே தெரியல. ஆனா வேற வழி தெரியலமா."

ரத்த வங்கியில் ஆள் கேட்டார்கள். சின்னவன் தானாகவே எழுந்து வந்தான். ஊசி என்றால் கட்டிலுக்கடியில் ஒளிகிற ஆள் இவன், சின்ன வயசில் ஒரு தடுப்பூசிக்குத் தெருவே துரத்திப் பிடித்தது. ஆச்சரியமாக இருந்தது. விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், "பதினாலரை, நல்லா இருக்கே" என்றார். இவன் அசட்டுச் சிரிப்புடன், "போன தடவையும் கிட்டத்தட்ட அதான் வந்துச்சு" என்றான்.

போன தடவை.

எந்தப் போன தடவை? உயிரே போனாலும் கையை நீட்டாதவன் எந்தத் தடவை ரத்தம் கொடுத்தான்? நான் கேட்கக்கூட இல்லை, சும்மா அவனைப் பார்த்தேன். பலகையைத் திருப்பினால் லாரி டிரைவர் முழிப்பாரே, அதே முழி.

வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கொட்டினான். மெடிக்கல் நடந்தது கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில். எல்லார் தலையிலும் ஹெல்மெட், முகமெல்லாம் சிமெண்ட் தூசி. பெயரைக் கூப்பிட்டால் யார் கை நீட்டுகிறானோ அவன்தான் அந்தப் பெயர். அவர் பெயரைக் கூப்பிட்டபோது இவன் நீட்டியிருக்கிறான். அவர் அதற்கு முன்பே வெளியில் தனியாக டெஸ்ட் எடுத்திருக்கிறார். ஏழரை. ஏழரைதான்! வயிற்றில் புண் இருக்கலாம், உடனே பாருங்கள் என்று அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். அது தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று மூடி மறைத்திருக்கிறார். மச்சானிடம் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. என்னிடம் "நச்சரிக்காத".

"வயித்தைக் கிழிச்சாங்களேடா! நான் அந்தப் பேப்பரைக் குடுக்கும்போது பக்கத்துலதானே நின்ன?"

"ரத்தம் ஏத்தினா சரியாயிடும்னு நெனச்சேன்க்கா. மாமா சத்தியம் வாங்கியிருந்தாரு."

"நாளைக்கு மறுபடி கிழிக்கப் போறாங்க. அப்பவும் சத்தியமா?"

அழுதான். "டாக்டர்கிட்ட சொல்லிடாதக்கா. கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். மாமாவுக்கும் போயிடும். கேஸ்னு வந்தா என்னக்கா பண்ணுவேன்? என்னைக் காட்டிக் குடுத்துடாத."

அவன் கையைப் பிடித்து நடக்கப் பழக்கியவள் நான். இருந்தும் அவனை வராந்தாவிலேயே விட்டுவிட்டு டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன். தட்டாமல் என்ன செய்வேன்? உள்ளே கிடப்பது என் உயிர்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "முதல் நாள் டெஸ்ட்லயே ரத்த அணு சின்னதாதான் இருந்துச்சு. ரொம்ப நாளா ரத்தம் கம்மியா இருக்கிறவங்களுக்குத்தான் அப்படி இருக்கும். உங்க பேப்பரைப் பார்த்துட்டு நாங்க அதைக் கண்டுக்கல." உடனே ஃபோனை எடுத்தார்.

ஏப்ரல் 13, திங்கள்

வயிற்றைத் திறக்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. தோள்வலி மாத்திரை செய்த வேலை. அங்கேயே அடைத்துவிட்டார்கள். இனிக் கத்தி இல்லை.

ஏப்ரல் 15, புதன்

எட்டு புள்ளி மூன்று. இறங்கவில்லை.

டாக்டரிடம் கேட்டேன், இந்த ரத்தம் கம்மி அவ்வளவு பெரிய விஷயமா, அடிபட்டதுதானே பெரிது என்று. பொறுமையாகச் சொன்னார். "ஒரே மாதிரி அடிபட்டு ரெண்டு பேர் வர்றாங்கன்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் உடம்புல ரத்தம் நிறைய இருக்கு. இன்னொருத்தர் ஏற்கெனவே வத்திப்போய் வர்றாரு. எலும்பு உடைஞ்சது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா ரெண்டாவது ஆளுக்கு இழக்கறதுக்குக் கையில ஒண்ணும் இல்ல. இதயம் திணறும், காயம் ஆறாது, கிருமி புடிச்சா லேசுல விடாது. பிழைக்கிற வாய்ப்பு குறைஞ்சுடும்."

எவ்வளவு குறையும் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. நம்பரை நம்பியது போதும்.

ஏப்ரல் 23, வியாழன்

மெஷினை எடுத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்து "தண்ணி" என்றார். குரல் அவருடைய குரல் மாதிரியே இல்லை. பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கோபத்தை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

சின்னவன் வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் உள்ளே போனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காட்டிக் குடுத்துட்டியே."

நானா? நானா காட்டிக் கொடுத்தேன்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் வெளியே போனதும் என்னால் முடியவில்லை. "யோவ், என் கையாலேயே அந்தப் பொய்யை டாக்டர்கிட்ட நீட்ட வெச்சீங்க. என் வாயாலேயே உங்க வயித்தைக் கிழிக்கச் சொன்னேன். அது என்ன? அதுக்குப் பேர் என்ன?" அவரை நான் 'யோவ்' என்றது இதுதான் முதல் தடவை.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "கீழ இறக்கி, கொடி ஆட்டி சிக்னல் காட்டச் சொல்லுவாங்கடி. எனக்குக் கீழ நிக்கத் தெரியாது. உன்கிட்ட சொல்லியிருந்தா ஏற விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அதான்! அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிட்டது அவருக்கு. எனக்கு எப்படி முடியும்?

மே 19, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு ஊன்றுகோல். படியேற முடியாததால் கீழ்த்தளத்தில் ஓர் அறை. கம்பெனி இருவரையும் நீக்கிவிட்டது. சின்னவன் வேறு ஊரில் வேலை தேடிப் போய்விட்டான், அவரிடம் மட்டும் பேசுகிறான். ஃபோன் அடித்து நான் எடுத்தால், "மாமாகிட்ட குடுங்க" என்கிறான். குடுங்க. என்னைப் போய் 'ங்க' போட்டுக் கூப்பிடுகிறான்.

ஜூன் 2, செவ்வாய்

கடையில் ஒருத்தர் எழுத்துப் பலகையை மனப்பாடமாக ஒப்பித்தார். திருப்பிக் காட்டினேன். வழக்கமாகச் சிரிப்பு வரும். வரவில்லை.

ஜூலை 6, திங்கள்

இன்று அவருக்கு ரத்தப் பரிசோதனை. போகும்போது ஆட்டோவில் ஜோக் அடிக்கப் பார்த்தார், "எனக்குப் பதிலா சின்னவனை வரச் சொல்லட்டுமா?" நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கண்ணாடி டாக்டரைப் பார்த்தேன். என் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரால் அங்கேயே நின்று கண்ணாடியை முறுக்கிக் கொடுத்தேன். "இவ்வளவுதானா!" என்று சிரித்தார். அவருக்கு நான் வேறெப்படி நன்றி சொல்ல?

லேபில் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கையை நீட்டுவதற்குள் நான் எழுந்து நின்று, "இவர்தான்" என்றேன். ஊசி இறங்குவதையும் குழாய் நிரம்புவதையும் அதில் பெயர் ஒட்டுவதையும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். "வெளிய உக்காரலாமே" என்றாள் ரத்தம் எடுத்த பெண். "பரவால்ல" என்றேன்.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார். "என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

அவர் தலையை ஆட்டினார். எழுந்துகொள்ளக் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார்.

பதினொன்று புள்ளி இரண்டு. அவருடையதுதான்.