நான் மாற்றிப் படித்த அத்தியாயம்

போன இடத்திலும் யாரையாவது அதட்டிக்கொண்டிருக்கும் என் தாயாரம்மா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. திதி கொடுத்தாயிற்று. வடையில் உப்பு போதவில்லை என்று நீ சொல்லியிருப்பாய். நீ இல்லாததால் நானே சொல்லிவிட்டேன். என் மருமகள் உன்னைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள்.

இந்தக் கடிதத்தை நம் வாரப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். யுத்தம் வந்த நாளிலிருந்து காகிதம் கிடைக்காமல் பத்திரிகையே பாதியாக இளைத்துக் கிடக்கிறது. ஆனாலும் இதைப் போட அவர்களுக்குக் கடமை உண்டு. ஏன் என்று போகப் போகத் தெரியும். போடாவிட்டால் பஸ் ஏறிப் போய் நேரில் கேட்பேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாயாரம்மா அண்ணன் பெண்டாட்டி, நான் தம்பி பெண்டாட்டி. பூந்தமல்லியில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், முப்பத்தைந்து வருஷம் ஓரகத்திகளாக இருந்தோம். எங்களுடையது மல்லித் தோட்டம். விடியற்காலையில் பறித்த மொட்டைக் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து பெண்கள் கட்டுவார்கள். மத்தியானம், பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் சரம் பட்டணத்துக்குப் போகும். வெள்ளிக்கிழமை காலையில் அதே பஸ்ஸில் பத்திரிகை வரும். பூ சுற்றும் காகிதங்களைப் பார்த்து நானாகவே எழுத்துக் கற்றவள் நான். ஆகையால் கொட்டகைக்குப் படித்துக் காட்டுவது என் வேலை.

தொடர்கதையைப் பத்திரிகைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று போன மாசம் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் உன்னைத்தான் நினைத்தேன். திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் வாசித்தபோது நீ என்ன செய்தாய் என்று அவருக்குத் தெரியுமா? துச்சாதனன் சேலையில் கை வைத்ததும் பிரசங்கியார் புத்தகத்தை மூடி, "மீதி நாளைக்கு" என்றார். நீ எழுந்து நின்றாய்.

"யோவ்! அந்தப் பொண்ணு அங்க அப்படியே நின்னுகினு கீது. நீ சோறு துன்னப் போறியா?"

பாவம், அவர் திரும்ப உட்கார்ந்து கிருஷ்ணனை வரவழைத்துச் சேலை கொடுத்துவிட்டுத்தான் இலைக்குப் போனார். பிறகு கூடாரத்தில் ஊமைப்படம் வந்தது, வாரம் ஒரு பாகமாக. கதாநாயகி தண்டவாளத்தில் கட்டுண்டு கிடக்கிறாள், ரயில் வருகிறது, அதோடு அந்த வாரம் முடிந்தது. அடுத்த வாரம் போனால் கூடாரமே இல்லை, திருவள்ளூருக்குப் போய்விட்டார்கள். நீ வண்டி பூட்டச் சொன்னாய். உன் வீட்டுக்காரர் மாட்டேன் என்றார். அவள் பிழைத்தாளா இல்லையா என்று சாகிறவரைக்கும் கேட்டாயே! எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம்தான் பத்திரிகையில் அந்தக் கதை வந்தது. நீ இருந்தபோதே மூன்று வருஷம் ஓடியது, இன்னும் ஓடுகிறது. மங்களம் மூத்த மருமகள், விசாலம் இளைய மருமகள். மாமியாரின் அட்டிகை காணாமல் போகிறது. விசாலம்தான் எடுத்தாள் என்று மங்களம் பழி சொல்லி அவளை வீட்டை விட்டு விரட்டுகிறாள். நீ மங்களம் கட்சி, நான் விசாலம் கட்சி. கொட்டகையில் பெண்களும் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். விசாலம் அழுகிற வாரத்தில் என் கட்சிக்காரிகள் நாரை இறுக்கி இழுத்ததில் மொட்டெல்லாம் நசுங்கிப்போனது.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியல? அவதான் எடுத்தா" என்பாய்.

"பத்திரிகைல மூஞ்சி எங்கக்கா கீது? எழுத்துதானே கீது?"

"எழுத்துலயே தெரியுது, போடி."

"உனக்குத்தான் எழுத்தே தெரியாதே!"

அதோடு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நீ என்னோடு பேசமாட்டாய்.

நாம் சண்டை போட்டது அட்டிகைக்காகவா, அக்கா? நம் வீட்டு வழக்கம் ஊருக்கே தெரியும். சித்திரை வருஷம் பிறந்ததும் முதல் பறிப்பில் முதல் சரம் அம்மனுக்கு. வீட்டின் மூத்தவள் கட்ட வேண்டும். சாமிக்குப் போகிற பூவை மோந்து பார்க்கக் கூடாது. நான் வந்த ஐந்தாம் வருஷம், நீ அந்தச் சரத்தைக் கட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டு எடுத்துக் கொடுத்தேன். அந்த வருஷம் தோட்டம் முழுக்கப் பூச்சி விழுந்தது. "சின்னவ மோந்துட்டா" என்று நீ சொன்னாய். அன்றிலிருந்து முப்பது வருஷம் முதல் சரத்தின் பக்கத்திலேயே என்னை அண்டவிடவில்லை.

எனக்கு அன்றைக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்த மனுஷி எதை மோப்பாள்? இதை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். ஒருவராவது பதில் சொன்னார்களா?

போன வருஷம் நீ படுக்கையில் விழுந்தாய். கட்டிலோடு உன்னைக் கொட்டகைக்குத் தூக்கி வரச்சொல்லிக் கதை கேட்டாய். கடினமான வார்த்தைகள் வரும் என்று பத்திரிகையை நான் முதலில் பஸ் நிற்கும் இடத்திலேயே ஒருமுறை படித்துவிடுவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை படித்தால், அட்டிகையை எடுத்தது விசாலமேதானாம்! மூன்று வருஷம் அவளுக்காக வாதாடிய என்னை ஆசிரியர் நடுத்தெருவில் நிறுத்திவிட்டார். அங்கேயே அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கண்டக்டர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

கொட்டகைக்கு வந்து பத்திரிகையைப் பிரித்தேன். எதிரில் நீ, பாதி உடம்பாக. பக்கத்தில் உன் கட்சிக்காரிகள். இதை எப்படிப் படிப்பேன்? வாய் தானாகவே வேறு வழியில் போயிற்று.

"'ஐயோ, அட்டிகைய நான்தான் அரிசிப் பானைல ஒளிச்சி வெச்சேன். அந்தப் பொண்ணு மேல அநியாயமா பழி போட்டுட்டேனே. நான் இன்னா செய்வேன்!' என்று மங்களம் கதறினாள்" என்று படித்தேன்.

என் கட்சிக்காரிகள் விம்மி அழுதார்கள். நீ கீற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். பெண்கள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டாய்.

"ஏ சின்னவளே. அன்னிக்கு உனக்கு ஜலதோஷம்தான்."

நான் பத்திரிகையைக் கீழே வைத்தேன்.

"நான்தான் மோந்தேன். வாசன இழுத்துச்சு. பூச்சி விழுந்ததும் பயமா பூடுச்சு. உன் பேரச் சொல்லிட்டேன்."

வேறொருத்தியாக இருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். நான் என்ன கேட்டேன்? "இத நாலு பேர் முன்னால ஒரு தரம் சொல்லேன்க்கா" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "கஞ்சி குடு" என்றாய். நாலாம் நாள் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு என் பாடு என்ன என்று உனக்குத் தெரியாது. அச்சில் விசாலம் ஜெயிலுக்குப் போனாள். என் வாயில் அவள் வீட்டுக்குத் திரும்பியாயிற்றே! வாரா வாரம் நானே கதை கட்ட வேண்டியதாயிற்று. விசாலத்துக்கு ரெட்டைப் பிள்ளை பிறந்தது. பூ கட்டும் பாஞ்சாலை அழுதுகொண்டே அதுகளுக்குப் பெயர் வைத்தாள். மொட்டை அடித்தேன், காது குத்தினேன். அப்போதுதான், பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து ஓடிவந்த குடும்பத்து மருமகள் லோகநாயகி ஒரு நாள் கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள். அவள் சொந்தமாகப் பத்திரிகை வாங்கிப் படிப்பவள்.

"விசாலம் ஜெயில்ல இல்ல இருக்கா? ரெட்டைக் குழந்தை எங்கேர்ந்து வந்தது?" என்றாள்.

எல்லார் கையிலும் நார் நின்றது. பாஞ்சாலை எழுந்தாள்.

"அடிப்பாவி! அப்போ நான் பேர் வெச்ச கொழந்தைங்க? காது குத்துக்கு ஊட்லேர்ந்து வெல்லம் வேற எடுத்தாந்து குடுத்தேனே!"

அதையும் தாங்கியிருப்பேன், அக்கா. முதல் பறிப்பு நெருங்கிவிட்டது. இப்போது வீட்டில் மூத்தவள் நான். சரம் கட்ட வேண்டியவள் நான். நீ கடைசியில் ஒத்துக்கொண்டதை எல்லாரிடமும் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், "இதுவும் உன் அத்தியாயம்தானே, சின்னம்மா?" என்று பாஞ்சாலை கேட்க, கொட்டகையே சிரித்தது. முப்பது வருஷம் காத்திருந்து கிடைத்த நியாயம், என் வாயாலேயே போயிற்று. உன் வீட்டுக்காரர், "சாமி காரியம். சந்தேகம்னா சந்தேகம்தான்" என்று சொல்லிவிட்டு, சரத்தை என் மருமகள் கட்டட்டும் என்றார். என் மருமகள்! அவள் கட்டினால் சரம் அம்மன் கழுத்தில் ஏறுமுன் அவிழ்ந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்றும் இருந்தது. பொய்யைப் படித்துத்தானே உன்னிடமிருந்து நிஜத்தை வாங்கினேன்? சாகக் கிடந்தவளை ஏமாற்றிவிட்டேனா?

நான் படிப்பதை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. அதை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். லோகநாயகியை அவளுடைய பத்திரிகையைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னார்கள். அவள் தூங்குகிறவன் மந்திரம் சொல்வது மாதிரிப் படித்தாள். கூடையே நிறையவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பாஞ்சாலை என் எதிரில் வந்து நின்றாள்.

"எழுந்திரு சின்னம்மா. நீ மேல குந்திகினு கீறதுல விசாலத்துக்கு மூச்சு முட்டிடப் போவுது."

"அக்கா சொன்னது நெஜம்னு ஒத்துக்கோ. எழுந்துக்கறேன்."

அவள் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு சாயங்காலம் நான் கஞ்சி குடுக்கப் போனப்ப பெரியம்மா சிரிச்சிகினு கெடந்தாங்க. 'மங்களம் பட்டணத்துக்காரி. மூணு வருசத்துல ஒரு நாளாவது இன்னா செய்வேன்னு பேசியிருக்காளா? இன்னிக்கு நம்ம ஊட்டுப் பேச்சு பேசறா. சின்னவ சொந்தமா படிக்கறா'ன்னாங்க. 'முப்பது வருசமா கேட்டுகினே கீறா, பாவம். அவ கேட்டத நானும் குடுத்துட்டேன்'னாங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க. அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. நீ ரெட்டப் புள்ள விசயத்துல மாட்டினப்புறந்தான் புரிஞ்சிச்சு. அந்தக் கோவத்துலதான் இத்தினி நாளா சொல்லல."

கொட்டகையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அந்த வருசம் மழ தப்பிச்சு. அதான் பூச்சி. யார் மோந்தா இன்னா? கட்டு போ" என்றார். கேட்டாயா, அக்கா? முப்பது வருஷம் நாம் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்தபோது இந்த மனுஷன் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு நான் மோர் ஊற்றவில்லை.

நேற்று முதல் சரம் கட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கட்டினேன். வாசனை இழுக்கத்தான் செய்கிறது. அதில் நீ பொய் சொல்லவில்லை.

ஆனால் 'கேட்டதைக் குடுத்துட்டேன்' என்றாயாமே, அதற்கு என்ன அர்த்தம்? நிஜத்தைக் கொடுத்தாயா? இல்லை, நான் ஒரு அத்தியாயம் கட்டிப் படித்ததால் நீயும் ஒன்றைக் கட்டிக் கொடுத்தாயா? நிஜமாகவே மோந்தாயா, அக்கா?

லோகநாயகி ஒரு செய்தி சொன்னாள். அமெரிக்காவில் சோப்பு விற்கிறவர்கள் தினமும் ரேடியோவில் குடும்பக் கதை நடத்துகிறார்களாம். கெட்டிக்காரர்கள்! அழுத மூஞ்சியைக் கழுவித்தானே ஆக வேண்டும்? இன்னும் கொஞ்ச காலத்தில் படமும் குரலும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டியில் வருமாம். வந்தால் என்ன ஆகும் என்று நான் இப்போதே சொல்கிறேன். மங்களமும் விசாலமும் பேத்தி எடுத்த பிறகும் அட்டிகை கிடைக்காது. பெண்கள் கண்ணைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பூவைத் தலைகீழாகக் கட்டுவார்கள். எல்லாவற்றையும் விட மோசம், அந்தப் பெட்டி யாருக்காகவும் ஒரு வார்த்தையை மாற்றிப் படிக்காது. எதிரில் கட்டிலில் கிடப்பது யார் என்று அதற்குத் தெரியுமா?

எனக்கு உன்னிடம் பாக்கி ஒன்றுதான். ஒரே தரம் சொல்கிறேன், கேட்டுக்கொள். அச்சில் இருக்கிறபடி அட்டிகையை எடுத்தது விசாலம்தான். கதையில் நீ சொன்னதே சரி. இப்படி எழுதிய ஆசிரியரை நான் மன்னிக்கவில்லை. அவர் பத்திரிகையில் இந்தக் கடிதத்துக்கு இடம் கொடுப்பது அவர் செய்யவேண்டிய பிராயச்சித்தம்.

மற்றதை நேரில் வந்து கேட்கிறேன். அதுவரைக்கும் மோந்தது நீதான் என்றுதான் ஊரெல்லாம் சொல்லுவேன், மாற்றிக்கொள்ள மாட்டேன். நான் வந்ததும் நீ வேறு மாதிரி சொன்னால் ஒத்துக்கொள்வேன் என்றும் எதிர்பார்க்காதே. ஆனால் நீ பேசி முடிக்கிறவரைக்கும் ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் செய்யாததைச் செய்வேன். இது அம்மன்மேல் சத்தியம்.

விட்டுக்கொடுக்காத உன் ஓரகத்தி,
சின்னவள் கன்னியம்மாள்
பூந்தமல்லி