உங்கள் பக்கங்களில் நின்றவர்கள்

அன்புள்ள மச்சாள்,

நேற்று அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வவுனியா நகரத்துக்குப் போயிருந்தேன். ஸ்ரூடியோவில் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். யாருடையதோ கலியாணப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தன. அப்போது அந்த மணம் வந்தது. சூடு ஆறாத படத்தாளின் மணம். கமராவுக்கு முன்னால் என்னை இருத்தியபோது, "அக்கா, சிரிக்கக் கூடாது. நேர பாருங்கோ" என்றார் படம் எடுக்கிறவர். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போனபிறகு உங்களுக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. நேற்றுத்தான் கை வந்தது.

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்த வருடம் நான் வவுனியா நெளுக்குளத்திலிருந்து பஸ் ஏறி, தர்மபுரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அண்ணாவைக் கட்டி யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பார்த்த மச்சாள் வேறு. அன்று பார்த்த மச்சாள் வேறு. விடிய முன்னம் எழும்பி, புட்டு அவித்து, மாட்டில் பால் கறந்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, அண்ணாவுக்கு வயலுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, தலைமயிரில் ஈரம் காயாமலே மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்கு ஓடினீர்கள். அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு வேலை. பின்னேரம் வந்ததும் திரும்பவும் அடுப்பு, கிணறு, பிள்ளைகளின் பாடம். இந்த ஓட்டத்துக்குள் உங்களுக்கு ஒரு பொழுதுபோக்கும் இருக்கிறது என்று அண்ணா சொன்னபோது நான் நம்பவில்லை.

"கொம்பியூட்டரில அல்பம் செய்யிறா. வந்து பார் உன்ர மச்சாளின்ர விளையாட்டை" என்றார் அண்ணா. அவர் குரலில் கேலி கொஞ்சம், பெருமை கூட.

அடுத்த நாள் என்னை உங்கள் கந்தோருக்குக் கூட்டிப் போனீர்கள். வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு, ஜெனரேற்றர் நிற்கும்வரைக்கும் ஒரு கொம்பியூட்டரைப் பாவிக்க உங்களுக்கு அனுமதி இருந்தது. அந்தச் சொற்ப நேரந்தான் ஒரு நாளில் உங்களுக்கென்று இருந்த நேரம். கூட்டங்களில் காட்டுவதற்குச் சிலைட் செய்கிற மென்பொருளிலேயே நீங்கள் அல்பம் செய்தீர்கள். திரையில் ஒரு பக்கம் விரிந்தது. நடுவில் மூத்தவள் அபியின் படம். சுற்றிவர அரக்கு நிறத்தில் பொன் கோடு போட்ட கரை.

"இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றீர்கள்.

"உங்கட கூறைச்சேலையின்ர கரை எல்லே?"

"ஓம். ஸ்கானர் கண்ணாடியில விரிச்சு மூடியை அமத்தினனான். சேலை திரும்ப அலுமாரிக்குப் போயிட்டுது. கரை மட்டும் இங்க நிக்குது."

அப்படி எத்தனையைக் கண்ணாடிக்கு மேல் வைத்திருந்தீர்கள்! நடுவில் பிறந்தவன் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளின் படத்துக்குப் பின்னால் அவன் சீருடையின் வெட்டுத்துண்டு. அண்ணாவின் படத்துக்குப் பின்னால் அந்தப் போகத்தின் நெற்கதிர். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி. "ரீச்சருக்கு மூக்குத்தி இருக்கு, அதால நான் நாளைக்கும் போவன்" என்று மகன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தீர்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்தபோது உங்கள் அம்மாவின் அல்பம் நனைந்துபோன கதையை அன்றுதான் கேட்டேன். காயவைத்துப் பிரிக்கப் பார்த்தபோது அம்மாவின் முகம் உரிந்து, சித்தியின் படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்ததாம்.

"அண்டைக்கு நினைச்சனான் மச்சாள், இனி ஒரு படத்தையும் ஒரு இடத்தில மட்டும் வைக்கிறேல்லை எண்டு."

அதனால்தான் ஒவ்வொரு சீடியிலும் இரண்டு பிரதி எடுத்தீர்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. பக்கங்களை மட்டும் போடாமல், கமரா எடுத்த பெரிய படத்தையும் அப்படியே போட்டு, அதில் நிற்கிறவர்களின் பெயர்களையே அதற்குப் பெயராக வைத்தீர்கள். கனடாவிலிருந்து வந்த உங்கள் தம்பி கொடுத்துவிட்டுப் போன கமரா அது. நகை தந்திருந்தால்கூட உங்கள் முகத்தில் அந்த வெளிச்சம் வந்திருக்காது.

சின்னவளுக்குப் பல் முளைத்தபோது நானும் வந்திருந்தேன். பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டினோம். பக்கத்து வீட்டுக் கமலாக்கா பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கணவர் ஒரு மூலையில் திருவலையில் இருந்து தேங்காய் துருவினார். பிள்ளை கொழுக்கட்டையைத் தட்டிவிட, அவர் நிமிர்ந்து சிரித்தார். மீசையில் தேங்காய்ப்பூ. அந்தக் கணத்தில் நீங்கள் படம் எடுத்தீர்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்த அண்ணா சொன்னார்: "அந்தாளை வெட்டிவிடு. பிள்ளை இன்னும் வடிவாத் தெரியும்."

"என்ன கதை இது? தேங்காய் திருவினவர் இல்லாமக் கொழுக்கட்டை எங்கால வந்தது?" என்றீர்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நெளுக்குளத்துக்கு வரும்போதெல்லாம் சீடிகளோடுதான் வருவீர்கள். ஒருமுறை சோதனைச்சாவடியில் பையைத் திறந்த பெண் சிப்பாய், இதெல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறார். உங்களிடம் இருந்த சிங்களம் இரண்டே சொல். "மகே லமயி" என்று சொல்லி, அச்சடித்த பக்கம் ஒன்றை நீட்டினீர்களாம். என் பிள்ளைகள். அந்தப் பெண் படத்தில் சின்னவளின் ஒற்றைப் பல்லைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பையை மூடித் தந்ததை நீங்கள் நடித்துக் காட்டியது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

வவுனியாவில் பக்கங்களை அச்சடிக்க என்னோடு ஸ்ரூடியோவுக்கு வருவீர்கள். அதை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவை விட்டுத் தம் சனங்களோடு வெளியேறிப் பல வருடங்களாகியும் ஊர்ப்பக்கம் போகாதவர். உங்கள் கந்தோர் வேலையாக நீங்கள் முல்லைத்தீவுக்குப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் தன் வீடு இருந்த இடத்தை அவர் சொல்லிவிட்டார். அடுத்த முறை வந்தபோது நீங்கள் ஒரு பக்கம் கொண்டுவந்து கொடுத்தீர்கள். வீட்டில் சுவர் இல்லை. கிணறு நின்றது. அதற்குப் பின்னால் முல்லைத்தீவுக் கடற்கரை மணல். ஸ்கானர் கண்ணாடியில் பொலித்தீன் விரித்து, அதன்மேல் மணலைத் தூவி எடுத்திருந்தீர்கள்.

நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். "இது எங்கட வாப்பா வெட்டின கிணறு, தங்கச்சி" என்றார். படத்தைத் தன் மேசையில் சாய்த்து வைத்தார். பிறகு, "இனி நீங்க கொண்டாற சீடி எல்லாத்திலயும் ஒரு கொப்பி என்ட கொம்பியூட்டர்லயும் போட்டு வெக்கிறன்" என்றார். நீங்கள் உடனே தலையாட்டினீர்கள். மூன்றாவது இடம் கிடைத்துவிட்ட சந்தோசம் உங்களுக்கு.

பாதை மறுபடி மூடியது. அதற்குப் பிறகு நீங்கள் செய்த பக்கங்கள் எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது உங்கள் வேலையும் போனது. பிறகு சண்டை நெருங்க நெருங்க நீங்கள் தர்மபுரத்தை விட்டுக் கிழக்கே போனீர்கள் என்பது மட்டும் தெரியும். எங்கே, எப்படி என்று தெரியாமல் நாங்கள் இங்கே இருந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வராது.

உங்களைத் திரும்பக் கண்டது, சண்டை முடிந்து சனத்தை அடைத்துவைத்த செட்டிகுளத்து முகாமின் கம்பி வேலியில். வேலிக்கு இரண்டு பக்கமும் சனம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைத்ததில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. உங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீங்கள்தான் "மச்சாள்!" என்று கூப்பிட்டீர்கள். அண்ணாவுக்குக் கையில் காயம். பிள்ளைகள் மூன்று பேரும் இருந்தார்கள். தலையை எண்ணிப் பார்த்துவிட்டு நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. கம்பிக்குள் விரலை விட்டு என் விரலைப் பிடித்தபடி கேட்டீர்கள்.

"சீடியள் இருக்கோ?"

"இருக்கு. எல்லாம் இருக்கு. பிள்ளையளின்ர படம் அடிச்சுக்கொண்டு வரட்டோ?"

"அது பிறகு. பிள்ளையள் முன்னால நிக்கினம்தானே. சின்னவளின்ர பல்லுக்கொழுக்கட்டைப் பக்கத்தை எடுங்கோ. அதில கமலாக்காவின்ர அவர் நிக்கிறார். மாசியில செல் விழுந்து போயிட்டார். அவவிட்ட ஒரு படமும் இல்லை மச்சாள். அந்தியேட்டிக் கிரியைக்கு வைக்கவும் இல்லை. வீட்டில கிடந்த எல்லாம் போயிட்டுது. அவரை மட்டும் பெரிசா எடுத்துத் தாங்கோ."

நான் வீட்டுக்கு வந்ததும் சீடியை எடுத்தேன். அது திறக்கவில்லை. துடைத்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன், திறக்கவே இல்லை. ஸ்ரூடியோவுக்கு ஓடினேன். நானா தன் கொம்பியூட்டரில் தேடினார். நிற்கிறவர்களின் பெயர் போட்டு நீங்கள் வைத்த படம். கமலாக்காவின் கணவரின் பெயரை அடித்ததும் வந்து நின்றது. திருவலை, தேங்காய்ப்பூ, சிரிப்பு. நானா மற்றதையெல்லாம் ஒதுக்கி, அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, தெளிவாக்கி அச்சடித்தார். மீசையில் இருந்த தேங்காய்ப்பூவை எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

அடுத்த முறை வேலியில் கமலாக்காவும் உங்களோடு நின்றார். படத்தைச் சுருட்டிக் கம்பிக்குள்ளால் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார். நான் அழுகையை எதிர்பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் படத்தின் மேல் விழுந்த தூசைத் துடைத்துவிட்டு, "பாருங்கோவன், சிரிக்கிறார்" என்றார். "கடைசியாப் பாத்த முகந்தான் எந்த நேரமும் கண்ணுக்குள்ள நிண்டது. இவர் இப்பிடிச் சிரிக்கிற ஆளெண்டதே மறந்துபோச்சு."

அதன் பிறகுதான் அழுதார். நீங்கள் அவரைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தீர்கள்.

அந்தச் செய்தி முகாமுக்குள் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. தர்மபுரத்துச் சனம் உங்களைத் தேடி வரத் தொடங்கியது. ஒரு தாய் சொன்னார்: "என்ர மகள் உங்கட அபியோட ஒரே வகுப்பு. எங்கயாவது நிக்கிறாளோ அக்கா?" நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பக்கங்கள் ஒவ்வொன்றாக உங்களுக்குள் விரிவதை நான் வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். "பள்ளிக்கூட வாணி விழாப் பக்கம். இடக்கைப் பக்கத்தில நிக்கிறா. மயிலிறகு பிடிச்சிருக்கிறா" என்றீர்கள். நானும் நானாவும் தேடினோம். இடக்கைப் பக்கத்தில், மயிலிறகோடு, அந்தப் பிள்ளை நின்றாள். இப்படி எத்தனையோ பேர். நீங்கள் சொன்ன இடத்தில் சொன்னபடியே நின்றார்கள். கோயில் திருவிழாவில், நெல் அரிவு வெட்டில், ஊஞ்சலுக்குப் பின்னால். உங்கள் பிள்ளைகளுக்காக எடுத்த படங்களில் ஊரே நின்றதை அப்போதுதான் கண்டேன்.

எல்லோருக்கும் கொடுக்க முடியவில்லை. தன் தம்பியைக் கேட்டு வந்த ஒரு பெண்ணுக்கு, "அது பாதை பூட்டினதுக்குப் பிறகு செய்த பக்கம். கிளிநொச்சியிலயே போயிட்டுது, தங்கச்சி" என்று நீங்கள் சொல்ல வேண்டி வந்தது. அன்று நீங்கள் வேலியை விட்டு நேரத்தோடு திரும்பிவிட்டீர்கள்.

முகாமிலிருந்து விட்டபிறகு தர்மபுரத்துக்குத் திரும்பிப் போய், கூரை போட்டு, மறுபடி வேலைக்குப் போய், மறுபடி பக்கங்கள் செய்தீர்கள். நோய் வருத்தம் வந்து படுத்த மாதங்களிலும் அபியை இருத்தி, இந்தப் படத்தில் இவர், அந்தப் படத்தில் அவர் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கு வந்த சனத்தைப் பார்த்து, இவ்வளவு பேரும் யார் என்று வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் கேட்டார்கள். அண்ணா, "இவளின்ர அல்பத்தில இருக்கிற ஆக்கள்" என்றார்.

போன மாதம் தர்மபுரத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன், மச்சாள். வெயில் தாங்காமல் வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். எனக்கு முன்பின் தெரியாத வீடு. சுவரில் பூ வைத்த ஒரு படம் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்ட அந்த வீட்டு அம்மா, "முகாமில ஒரு அக்கா எடுப்பிச்சுத் தந்தவா. அவா இப்ப இல்லை" என்றார். அவா என்ர மச்சாள் என்றேன். செம்பை என் கையில் தந்துவிட்டு, உள்ளே திரும்பி, "பிள்ளையள், ஓடி வாங்கோ, படம் தந்த அக்காவின்ர மச்சாள் வந்திருக்கிறா" என்று கூப்பிட்டார். கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது, பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

என் பெயரை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

என்றும் உங்கள்
மச்சாள்