அந்துருண்டை மணக்கும் ஸ்வெட்டர்

எலவனாசூர்கோட்டை,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

என் தங்க மகள் தனுஷாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாடு கன்றும் இங்கே சுகம். நீ சுகமா என்று தினமும் போனில் கேட்கிறேன், நீயும் நல்லா இருக்கேம்மா என்கிறாய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுகிறவளிடம் நான் வேறு என்னத்தைக் கேட்பது? பக்கத்தில் உன் மாமியார் ராஜாம்பாள் கீரை ஆய்வது கூட எனக்குக் கேட்கும் போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் காலத்திலும் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை உன் ரவிக்கைத் துணிக்குள் மடித்து வைத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

மாப்பிள்ளை நேற்றுப் பேசினார். அடுத்த சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நம் கல்வராயன் மலைக்கு முகாம் போகிறாராமே. காட்டில் கூடாரம் அடித்து, சுள்ளி பொறுக்கிச் சமைத்து, இரண்டு ராத்திரி தங்கப் போகிறார்களாம். "தனுவும் வர்றா அத்தை, அவளுக்கு எல்லாம் நானே கத்துக் குடுக்கப் போறேன்" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் ரொம்ப நல்லதுங்க மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

உனக்கு வீசிங் இருப்பது அவருக்கும் தெரியாது, அவர் வீட்டாருக்கும் தெரியாது. கல்யாணம் ஆன இத்தனை நாளில் ஒரு தடவை கூட அங்கே வரவில்லை என்று நீ சொன்னபோது குலசாமிக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். சென்னைப் புழுக்கத்தில் அது அடங்கிக் கிடக்கிறது. மலைக் குளிரில் அடங்குமா? மழை வேறு விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருக்கிறது. சின்ன வயதில் மார்கழிப் பனியில் கோலம் பார்க்க வெளியே வந்தாலே உன் நெஞ்சு விசில் அடிக்கும்.

சொல்லிவிடலாமே என்று நீ நினைப்பாய். திருநாவலூர் வரனை மறந்துவிட்டாயா? உள்ளது உள்ளபடி சொன்னோம். நல்ல மனுஷர்கள் என்று நம்பித்தான் சொன்னோம். பொண்ணுக்கு இழுப்பாமே என்று நாலு ஊருக்குப் பரப்பிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா இனி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தார். நானும் தலையாட்டினேன். இப்போது சொல்லப் போய் உன் மாமியார் எங்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது?

முடிந்தால் போகாதே. வயிற்று வலி என்று சொல். முடியாவிட்டால் இந்தப் பார்சலில் உள்ளதை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துப் போ. அப்பாவின் பச்சை ஸ்வெட்டர் இருக்கிறது, கரும்பு விவசாயிகளோடு ஊட்டி டூர் போனபோது வாங்கியது. பீரோவுக்குள் பத்திரமாக அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன், ஒரு பூச்சி கடிக்கவில்லை. மப்ளர், குரங்குக் குல்லா இரண்டையும் கழற்றவே கழற்றாதே. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். உள்ளே போட நல்ல கெட்டிக் காட்டன் சுடிதார் வைத்திருக்கிறேன். பாலியஸ்டர் கிட்ட போகாதே, உடம்புக்கு ஆகாது. எல்லாம் கருநீலம், அரக்கு என்று பார்த்து எடுத்தேன், சேறு பட்டாலும் தெரியாது. உளுந்தூர்பேட்டையில் அலைந்து ஒரு ஜீன்ஸும் வாங்கினேன். கடைக்காரன் யாருக்கும்மா என்றான். எனக்குத்தான் என்றேன், வாயை மூடிக்கொண்டு மடித்துக் கொடுத்தான்.

மூச்சுக்கு அடிக்கிற இன்ஹேலர் பம்பை எங்கே வைப்பாய்? ஹேண்ட்பேக்கில் வைக்காதே. ஒதுங்கப் போகிற சாக்கில் போய் அடித்துக்கொள்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலையிலிருந்து கரும்பு வெட்ட இன்னும் உத்தரவு வரவில்லை, அப்பா நடையாய் நடக்கிறார். எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்குப் போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்துவிடுகிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் சாமி.

உன் அம்மா,
அமிர்தம்.


எலவனாசூர்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

கண்ணு தனுஷா,

இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்குள் கையில் கிடைத்துவிடும் என்று கூரியர்காரர் சொன்னார். கிடைத்ததும் முதல் வேலையாக இதைப் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ மொட்டை மாடியில் நின்று பேசியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்சல் வந்ததும் மாப்பிள்ளை ஆசையாகப் பிரித்தாராம், நல்லவேளை ரவிக்கைத் துணியை நீ முதலிலேயே எடுத்துக்கொண்டாயாம், மாமா ஸ்வெட்டரா, போட்டுக் காட்டு என்றாராம், நீயும் போட்டாயாம். அந்துருண்டை நெடி ஏறி நெஞ்சு அடைத்துக்கொண்டதாம். குளியலறைக்குள் ஓடி, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பம்பை அடித்துக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாயாம். அவர் கதவைத் தட்டி இன்னுமா வாளி நிறையலை என்று கேட்டாராம். கண்ணில் சோப்பு போய்விட்டது என்று சொல்லிவிட்டு வந்தாயாம். இதை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தனு.

குளிருக்கு என்று நான் அனுப்பியதுதான் உன் கழுத்தைப் பிடித்தது. போனை வைத்ததும் பீரோவைத் திறந்து எல்லா அந்துருண்டையையும் பொறுக்கிக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டினேன். பட்டுப்புடவையைப் பூச்சி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

அன்று ராத்திரி மாப்பிள்ளையே போன் செய்தார். சங்கோஜப்பட்டுக்கொண்டே பேசினார் பாவம். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. காட்டன் வேணாங்க. நனைஞ்சா லேசுல காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கினே இருக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம்" என்றார். உள்ளே சீக்கிரம் காய்கிற மெல்லிய பாலியஸ்டர் பனியன், அதன் மேல் சூட்டுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு போட வேண்டுமாம். ஏறும்போது வேர்க்கும், அப்போது நடுவில் உள்ளதைக் கழற்றிவிட வேண்டும், உட்கார்ந்ததும் மறுபடி போட வேண்டும். தூங்குவதற்கு என்று ஒரு செட்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்து, என்ன ஆனாலும் அதை நனைய விடக் கூடாதாம். கருப்பு பேன்ட் வேண்டாம், வெளிர் நிறத்தில் போட்டால்தான் உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியுமாம். சாக்ஸை பேன்டுக்கு மேலே இழுத்துவிட வேண்டுமாம். நான் விடுவேனா? பாலியஸ்டர் போட்டால் வேர்க்குரு வருமே, அரிக்குமே என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஷூ அளவு சரியாக வர வேண்டும் என்று உன் காலைப் பேப்பரில் வைத்து வரைந்துகொண்டு கடைக்குப் போனாராமே.

அவர் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை. நேற்று விடிகாலையிலேயே ரங்கம்மாளை இழுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி போய், அந்த மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டேன். அதுதான், நம் எதிர்வீட்டு ரங்கம்மாள். "இன்னாத்துக்கு அமிர்தம் இப்பிடி அலைஞ்சிக்கினு கீற, கோயிலுக்கா குளத்துக்கா?" என்று வழியெல்லாம் தொணதொணத்தாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏற ஜன்னல் வழியாக வந்த காற்று மாறிவிட்டது. மேலே இறங்கினோம், சாரல் பிடித்துக்கொண்டது. பெரிய மழை கூட இல்லை. நான் கட்டியிருந்தது கெட்டிக் காட்டன் புடவை. அரை மணியில் கொசுவம் முழுக்க ஈரம் ஏறி முழங்காலில் ஒட்டிக்கொண்டது. மழை விட்டது, காற்று விடவில்லை, புடவையும் காயவில்லை. டீயைக் கையில் பிடிக்க முடியாமல் பல் தந்தி அடித்தது. ரங்கம்மாள் கட்டியிருந்த நைலக்ஸ் புடவை உதறினதும் காய்ந்துபோயிற்று. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, இறங்கும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை சொன்னது சரிதான். துணி விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயிலுக்கு எது, மழைக்கு எது, உண்ணிக்கு எது என்று ஒவ்வொன்றாக யோசிக்கிற மனுஷர். அவரவர் உடம்புக்கு ஏற்ற உடுப்பு போட வேண்டும் அத்தை என்கிறார். உன் உடம்பைப் பற்றித்தான் அவருக்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை.

மலையில் கூடாரத்துக்குள் அவர் பக்கத்தில் படுத்திருக்கும்போது நெஞ்சு அடைத்தால் எந்தக் குழாயைத் திறந்து வைப்பாய்? அந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று நீ எழுந்து இருட்டில் தனியாக நடந்து போவாய். உன்னை எனக்குத் தெரியும். போய் எங்கேயாவது மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் யார் தேடுவார்கள்? போன் கூட எடுக்காத இடமாம். நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அதனால் சொல்கிறேன், மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. போன கடிதத்தில் எழுதியதை விட்டுத் தள்ளு.

நேற்று மதியம் மலையிலிருந்து வீடு வந்ததும் அப்பாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. "கல்யாணம் ஆன சூடு கூட ஆறல, இப்ப போயி சொன்னா இன்னா ஆவும் தெரியுமா?" என்று கத்தினார். சொல்லாம மலையில ஒண்ணு ஆயிட்டா இன்னா ஆவும் என்று நானும் கத்தினேன். சாப்பிடாமல் கொல்லைக்குப் போய்விட்டார். பொழுது சாய வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எழுதிடு. எம் பேரச் சொல்லிக்கச் சொல்லு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காதது போல வந்துவிட்டேன்.

இந்த வாரமே டாக்டரிடம் போ, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. மலைக்குப் போகலாமா, எந்தப் பம்பை எப்போது அடிப்பது, எல்லாவற்றையும் அவரும் காதால் கேட்கட்டும். டாக்டர் வேண்டாம் என்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், மலை எங்கேயும் ஓடிவிடாது.

அவர் கோபப்படுவார். படத்தான் செய்வார், நியாயம்தானே. எங்க அம்மா அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாங்க என்று சொல். அவர் உன்னைப் பேசவிடாமல் எழுந்து போனாலும் பின்னாடியே போய்ச் சொல். உன் மாமியார் ஏதாவது கேட்டால் என்னிடம் கேட்கச் சொல், நான் வந்து நிற்கிறேன். அதையும் மீறி உன்னை அங்கே வைத்துக்கொள்ள மாட்டேன் என்றால் வந்துவிடு தாயி. ஊர் பேசினால் பேசட்டும், உனக்கு இங்கே இடம் இல்லாமல் போகாது. ஆனால் அப்படி ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காலைப் பேப்பரில் வைத்து வரைகிறவர் அப்படிச் செய்ய மாட்டார்.

சனிக்கிழமை காலை டிபன் நம் வீட்டில்தான் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். வேனில் வருகிற எல்லோருக்கும் சேர்த்து இட்லிக்கு ஊறப் போடப் போகிறேன். நீ சொல்லாமல் வந்தாயானால் சாப்பிட்டுக் கை கழுவியதும் எல்லோர் முன்னாலும் நானே சொல்லிவிடுவேன். மாமியார் மாப்பிள்ளையிடம் எதிரே நின்று பேசலாமா என்றெல்லாம் பார்க்க மாட்டேன். அந்த நிலைக்கு என்னை விடாதே.

சொல்லிவிட்டு, டாக்டரையும் கேட்டுவிட்டு வந்தால், எதை வேண்டுமானாலும் உடுத்திக்கொண்டு எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏறு, நான் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே வழியனுப்புவேன். ஒன்று மட்டும் அம்மாவுக்காகச் செய். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் ஒளிந்து நின்று வாங்காதே. அவர் காதில் விழும்படி வாங்கு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

உன் அம்மா,
அமிர்தம்.