நூறு கிலோமீட்டர் ஜோடி

மின்னி பே, போர்ட் பிளேர்
28.10.2023

அடி மங்கை,

உங்கள் கச்சால் தீவில் டவர் செத்துக் கிடக்கிறது. அதனால் கப்பலில் காகிதம் அனுப்புகிறேன். சைக்கிள் பந்தயத்தில் பெண்கள் ஜோடிப் பிரிவுக்கு நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். சிடியாடாப்பு கடற்கரை வரை போய்த் திரும்பி இரண்டு சுற்று, நூறு கிலோமீட்டர். இருவரும் சேர்ந்தே கோட்டைத் தாண்ட வேண்டும். டிசம்பர் பத்தாம் தேதி பந்தயம், அதற்குள் பழகிக்கொள். நானும் இப்போதுதான் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

உன் ப்ரியங்கா

கச்சால்
14.11.2023

பிரியமான ப்ரியங்கா,

கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாயே, பாவி! ரப்பர் தோட்டத்து ரோட்டில் தினமும் ஓட்டுகிறேன். முழங்காலில் தோல் இல்லை. "முப்பத்தஞ்சு வயசுல இதெல்லாம் ஒனக்குத் தேவையா?" என்று மாமியார் கரித்துக்கொட்டுகிறார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். முடித்தே தீருவேன். ஒன்பதாம் தேதி கப்பலில் சைக்கிளோடு வருகிறேன்.

உன் மங்கை

மின்னி பே
12.12.2023

மங்கை,

துறைமுகத்தில் புயல் கொடி ஏற்றினார்கள். கொடி ஏறினால் கப்பல் வராது என்று கல்யாணத் தேதியையே மாற்றுகிற ஊர் இது. அதை நம்பி உன் இடத்தில் பக்கத்து வீட்டு சுதாவைச் சேர்த்தேன். கடல் அடங்கிக் கப்பல் வரும் என்று யார் கண்டது? பந்தயம் தொடங்கும்போது ஓடி வந்து, "அவ முதுகுல இருக்கிறது என் நம்பர்!" என்று ஊர் பார்க்கக் கத்தினாய். தப்பு என்னுடையது, பொறுத்துக்கொண்டேன்.

நம்பர் இல்லாமலே எங்கள் பின்னால் ஓட்டினாய். அதையும் விடு. இரண்டாவது சுற்றில், ஏற்றத்தில் எனக்குக் கால் பிடித்துக்கொண்டது. சுதா, "பஸ், ஹோ கயா", போதும் முடிந்தது என்று பின்னால் வந்த பந்தய ஜீப்பில் ஏறிவிட்டாள். ரோட்டோரம் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக் கை காட்டினேன். பார்த்துக்கொண்டே போனாயே, உனக்கெல்லாம் நெஞ்சில் ஈரமே இல்லையா?

ப்ரியங்கா

கச்சால்
27.12.2023

ப்ரியங்கா,

பார்த்தேன். நிற்க மனசில்லை.

கப்பல் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "கெளம்பிருச்சு" என்று சொல்லியிருப்பார்கள். நீ கேட்கவில்லை. சுதாவிடம் கியர் சைக்கிள் இருக்கிறது, நான் வந்தால் உன்னைப் பின்னால் இழுப்பேன் என்று பயந்தாய். கொடி மேல் பழியைப் போடாதே. வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவளுக்கு வயிறு எரியாதா?

நூறையும் முடித்தேன். அப்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பதக்கம் இல்லை, கைதட்டல் இல்லை. மாமியார் நம்பவில்லை. "பொய் சொல்லாதடீ" என்று சிரிக்கிறார். அந்த ஏற்றத்தில் நான் இறங்காமல் மிதித்துப் போனதைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். அதற்காகக்கூட உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.

இனி எழுதாதே.

மங்கையர்க்கரசி