ஏழுக்குக் குறையாமல்

பிப்ரவரி 11

காலையிலிருந்து கழுத்து வலி. வெல்டிங் பட்டறைக்காரன் குற்றவாளி என்று தீர்ப்பு வாசித்தேன். தோட்டத்துக்காரர் ஒருவர் பன்றி விரட்டும் துப்பாக்கியைக் கொண்டுவந்து, குழாயில் விரிசல் என்றிருக்கிறார். இவன் பற்றவைத்துக் கொடுத்தான். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. செய்தாலும் பழுது பார்த்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். ஏழு வருடத்துக்குக் குறையாமல்.

தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டே ஆகவேண்டும். கேட்டேன். பாவி, அதை நிஜமான கேள்வி என்று நம்பிவிட்டான். கைக்குழந்தையைச் சொன்னான், பட்டறையைச் சொன்னான், இனி இரும்புக் கேட்டும் ஜன்னலும் மட்டும்தான் செய்வேன் என்று சத்தியம் செய்தான். பின்னால் அவன் மனைவி, தோளில் தூங்கும் ஒரு வயதுப் பெண். தண்டனையை நாளைக்கு ஒத்திவைத்தேன்.

வீட்டில் இவர், "நீதானே ஜட்ஜ், குறைச்சுப் போட வேண்டியதுதானே?" என்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி தயார், சாமிதான் மசியவில்லை.

பிப்ரவரி 12

ஆறு மாதம் போட்டேன். அதை விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தே கழித்துவிட்டான். 'சிறப்புக் காரணங்கள்' என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எந்தப் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது? எதுவுமில்லை. அரசு வக்கீல் குனிந்து குறித்துக்கொண்டார். அப்பீல் போவார். தெரிந்துதான் செய்தேன்.

பிப்ரவரி 13

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 20

அவனை வீட்டுக்கு அனுப்பி மூன்று வருடம் ஆகப்போகிறது. இன்று மேல்கோர்ட் தீர்ப்பு வந்தது. ஏழு வருடம். இல்லாத அதிகாரத்தைக் கீழ்க்கோர்ட் எடுத்துக்கொண்டதாம். கிளார்க் ஃபைலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வரிகூடத் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 3

சரணடைய அவன் என் கோர்ட்டுக்கே வந்தான். அதுதான் முறை, சிறைக்கு அனுப்பும் வாரண்டிலும் நான்தான் கையெழுத்துப் போடவேண்டும். சதை போட்டிருந்தான். அன்று தோளில் தூங்கிய குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பட்டறையை விற்றாயிற்று என்றான்.

என்ன சொல்வது? 'மன்னிச்சுக்கோப்பா' என்று நீதிபதி சொல்லலாமா? அவனே சொன்னான்: "உங்க மேல கோவமில்லம்மா. ஆனா அன்னிக்கே ஜெயிலுக்கு அனுப்பியிருந்தா இந்நேரம் பாதி கழிஞ்சிருக்கும். அப்ப பாப்பாவுக்கு என்னைத் தெரியாது."

கையெழுத்துப் போட்டேன். விரலைப் பிரிக்கக் கொஞ்ச நேரமானது. போலீஸ்காரர் அவசரப்படுத்தவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னேன்.