கஞ்சித்தண்ணீர் கலந்த சாறு

என் செல்லமே ஷீபா,

முந்திரிக் காலம் மறுபடியும் வந்துவிட்டது. இன்று காலை பாறசாலை பஸ்ஸில் யாரோ ஒரு பை நிறைய முந்திரிப்பழம் வைத்திருந்தார்கள். அந்தக் கொல்லாம்பழ வாசனையில் கண் சொக்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இடித்து எழுப்பியிருப்பாய்.

இப்போது லேபில், எச்.பி.எல்.சி. கருவியின் முன்னால், உன் நாற்காலியில் இருக்கிறேன். வடிகட்டிய சாறு மெல்லிய குழாய்க்குள் நுழைந்துவிட்டால் நமக்கு வேலை இல்லை. துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்து திரையில் மேடுகளாக எழும். அந்த அரை மணி நேரம் நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை. "ஏட்டி லிசி, உறங்குதியா?" என்று நீ பின்னால் நின்று கேட்கிறாய். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

நீ பாதியில் விட்ட கட்டுரையை நான்தான் முடிக்கிறேன். உங்கள் வீட்டு மரத்துப் பழத்தில் பாலிஃபீனால் மிகக் குறைவு என்று எழுதியிருந்தாய். கடித்தால் தொண்டை காறும் பழத்தில் அது எப்படிக் குறையும்? ஒப்பிட்டுப் பார்க்க, வேறு ஊரான ஒற்றசேகரமங்கலத்துப் பழத்தை நானே பிழிந்து கருவியில் ஓடவிட்டேன். மேடுகள் திரை கொள்ளவில்லை.

கடைசி மாதங்களில் நீ படுக்கையில் இருந்தபோது சாறு பிழிந்து லேபுக்குக் கொடுத்தனுப்பியது உன் அம்மாதானே. சித்தியிடமே கேட்டேன்.

"கஞ்சித்தண்ணி ஒழிச்சேன் மக்களே. இல்லெங்கி தொண்ட காறுமில்லா? எப்பளும் அப்படியாக்கும் செய்யது."

சாற்றில் ஊற்றும் கஞ்சித்தண்ணீர் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். தெளிந்ததை மட்டும் சித்தி இறுத்து அனுப்பியிருக்கிறார். நாம் அளக்க வேண்டியது உங்கள் அடுக்களைப் பானையின் அடியில் கிடந்திருக்கிறது. நீ கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நம் வீடுகளில் யார் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இறந்த மகளின் வேலையைத் தன் கையே கெடுத்தது என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்ல? ஆனால் உன் பெயருக்குக் கீழே பிழையான எண்ணை அச்சேற்றவும் எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சொல்லிவிட்டேன். சித்தி குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

இன்று நான் தாமதமாக வந்து சேர்ந்தபோது, லேப் வாசலில் சித்தி நின்றிருந்தார். கையில் ஒரு கூடை.

"மரத்துக்கடியில வலை கெட்டி விட்டேன் மக்களே. தானா விழுந்தது. வலையோட கூடையில வச்சேன், நான் தொடவே இல்ல. நீயே பிழி. அவளுக்க கணக்கு தப்பாண்டாம்."

கூடையை வாங்கிக்கொண்டு வாசலிலேயே அழுதேன்.

அந்தச் சாறுதான் இப்போது உள்ளே ஓடுகிறது. முதல் மேடு எழத் தொடங்கிவிட்டது, ஷீபா. கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வரும். பழம் தந்தவர் என்று சித்தியின் பெயரும் இருக்கும். அச்சில் வந்ததும் முதல் பிரதியைச் சித்தியின் இரண்டு கைகளிலும் வைத்து, இந்தக் கை பட்டு எதுவும் கெட்டுப்போகவில்லை என்று சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நாலு மாதம் மூத்தவள் என்று நீ ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத உன் பெரியம்மா மகள்,
லிசி அக்கா